நெல் நட்டவருக்கு ஒரு குறிப்பு

மதுரையில் ஆண்டின் சிறந்த நடிகரை அறிய டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் காட்சிக்கு முந்தைய இரவே சுவரொட்டி தீர்ப்பளித்துவிடும். அதனால் 2022-க்கான என் பட்டியலில் ரசிகர் மன்றமே இல்லாத ஒருவருக்கு முதலிடம்: 'கடைசி விவசாயி'யின் நல்லாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்து முதிய விவசாயி. மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் சிக்கிய மாயாண்டியாக நீதிமன்றத்தில் நிற்கிறார். கவலையெல்லாம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றித்தான். கழுத்து நரம்பு ஒன்றுகூடப் புடைக்கவில்லை. "எங்கே நடித்தார்? அவராகவே இருந்தார்" என்பார்கள். இருக்கட்டும். படத்துக்குப் படம் அதே நடை, அதே தலைகோதல் என்று நட்சத்திரங்களும் அவர்களாகவேதான் இருக்கிறார்கள்; அதற்கு மட்டும் பாலாபிஷேகமா? தவிர, கேமராவுக்கு முன் இயல்பாக நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எந்தக் கல்யாண வீடியோவையும் சாட்சிக்கு அழைக்கலாம்.

திரைக்கு வந்தது 2022-இல் என்றாலும், தணிக்கைக் கணக்கில் 'கடைசி விவசாயி' 2021-இன் படம். அந்த ஆண்டுக்கான 69-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் 'புஷ்பா'வின் அல்லு அர்ஜுன்; நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு. செம்மரம் வெட்டியவருக்கு விருது, நெல் நட்டவருக்குக் குறிப்பு. அவரோ படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். நடுவர்களைக் கண்டித்து மாட்டுத்தாவணியில் சுவரொட்டி ஒட்டவும் ஆளில்லை.