வெள்ளைக் காரும் நாலு நம்பரும்

கோயமுத்தூர் ஜங்ஷனில் மாமனாரை ரயிலேற்றப் போயிருந்தேன். அவர் காரிலேயே மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பிளாட்பாரம்வரை ஓடி, கொடுத்துவிட்டு மூச்சுவாங்கத் திரும்பி வந்தால், என் காரின் பின் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பூக்கூடை, காலடியில் இரண்டு மஞ்சப்பை. நான் கதவைத் திறந்ததும், "நாலு ஏழு ரெண்டு ஒண்ணுங் தம்பி. ஏசியைக் கொஞ்சம் போட்டுருங்" என்றார்.

அது ஓடிபி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

"அம்மா, இது டாக்சி இல்லீங்க. சொந்த வண்டி."

"வெள்ளைக் கலரு, டிக்கி வச்ச வண்டின்னு போன்ல காட்டுது. ரெண்டு நிமிசத்துல வருவாருன்னும் காட்டுச்சு. நீங்களும் ஓடி வந்தீங்க."

தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. கடைசியில் அவரை இறக்கி, முன்னால் கூட்டிப்போய், நம்பர் பிளேட் மஞ்சள் இல்லை, வெள்ளைதான் என்று காட்டவேண்டியதாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர் திரும்பிப் பார்த்து, "சொந்தத்துக்குப் போய் இந்த வண்டிய எதுக்கு வாங்குனீங்க?" என்றார். கோபமெல்லாம் இல்லை, அக்கறைதான்.

இதே கேள்வியை ஆறு வருஷமாக எங்கள் பேக்கரியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் டீ குடிப்பது, வெட்டிப் பேச்சு பேசுவது, சம்பந்தம் முடிப்பது எல்லாமே பேக்கரியில்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது கார் நீதிமன்றமாகிவிடும். புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் தேங்காய் பன்னைக் கடித்தபடியே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கே போன நரேன் கார்த்திகேயன் என்று இருக்கிற ஊர் இல்லையா? காரைப் பற்றிக் கருத்து இல்லாதவன் இங்கே ரேஷன் கார்டு இல்லாதவன் மாதிரி.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. டாக்சிக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்குகிற டீசல் செடான் என்றால் போதும். அதுதான் குற்றமும். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கிற மனிதர் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்தால், அதைவிடப் பெரிய நற்சான்று என்ன இருக்கிறது என்று வாங்கும்போது நினைத்தேன். பேக்கரியின் சட்டப் புத்தகத்தில் அது நேர்மாறு. மஞ்சள் போர்டு மாட்டிய அன்றைக்கே அந்த மாடல் மானம் போயிற்று. அப்புறம் அதை வாங்குகிறவன் மானத்தைக் கேட்கவே வேண்டாம்.

இதில் எனக்கு நிஜமாகவே ஒரு வருத்தம் உண்டு. என் அப்பா காலத்தில் தெருவில் வெள்ளைக் கார் நுழைந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். வெள்ளை அம்பாசடர் என்றால் கலெக்டர், இல்லையென்றால் மந்திரி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் உடம்பைப் பெரிய மாற்றமில்லாமல் வைத்துக்கொண்டு, 2014-இல் உத்தரப்பாரா தொழிற்சாலை நிற்கும்வரை காலம் தள்ளிய வண்டி அது. அதன் பிக்கப் என்ன, ஸ்டியரிங் கனமா லேசா என்று அப்போது யாரும் கேட்டதில்லை. கார் என்றால் உள்ளே யார் என்பதுதான் கேள்வி. இன்றைக்கு வெள்ளைக் கார் நுழைந்தால் நாலு நம்பர் சொல்கிறார்கள்.

பேக்கரி நீதிபதிகளில் மூத்தவர் மேனேஜர் சார். பேங்கில் ரிட்டயர் ஆனவர். டொயோட்டா பக்தர். கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே ஒரு வண்டியின் ஜாதகத்தைக் கணித்துவிடுவார். "தப்"பென்று சாத்தினால் உயர்குலம். "டங்"கென்று கேட்டால் தகரம். ஒருநாள் அவர் சொந்தக்காரரின் கிளான்சாவும் எதிர்வீட்டுப் பலேனோவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. "சத்தத்தைக் கேளுங்க, இதுதாங்க டொயோட்டா" என்று இரண்டையும் சாத்திக் காட்டினார். 2019-இல் வந்த கிளான்சா என்பது குஜராத்தில் சுசூகி தொழிற்சாலையில் பலேனோவோடு பலேனோவாகப் பிறந்து, சின்னத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வேறு ஷோரூமுக்குக் குடிபோன வண்டி. இதை நாங்கள் சொன்னபோது அவர் அசரவில்லை. "அவங்க தொட்டாலே வேற மாதிரிதான்."

சரி, பரீட்சை வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. மேனேஜர் சாரை ரோட்டுக்கு முதுகு காட்டி, பஃப்ஸ் அலமாரியைப் பார்த்தபடி நிற்கவைத்தோம். பேக்கரிப் பையன் ஒவ்வொரு கதவாகச் சாத்தினான். முதல் சத்தத்துக்கு "டொயோட்டா" என்றார். பலேனோ. இரண்டாவதுக்கு "இது தகரம்" என்றார். அவர் சொந்தக்காரர் முகம் மாறியது. மூன்றாவது சத்தத்துக்கு நெடுநேரம் யோசித்து, "டொயோட்டாவேதான், சந்தேகமே இல்லை" என்றார். அது பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டி மூடி.

"எதிர்க்காத்து" என்று சொல்லிவிட்டு டீயைக் கையிலெடுத்தார்.

மேனேஜர் சாராவது ஜெயித்த கட்சிக்காரர். பாவப்பட்டவன் மாப்பிள்ளை. அவன் ஃபியட்காரன். ஃபியட்காரர்கள் தனி இனம். ஒருவரையொருவர் ரோட்டில் பார்த்தால் ஹெட்லைட் அடித்துக் கும்பிட்டுக்கொள்வார்கள். அவனிடம் இருப்பது புந்தோ. இத்தாலிய ஜாம்பவான் ஜுஜாரோவின் கை பட்ட வடிவம். அதைச் சுற்றி வந்து பின்பக்கத்து வளைவைத் தடவிக் காட்டும்போது, நகைக்கடையில் ஒட்டியாணம் காட்டுகிறவர் மாதிரி குரல் தணிந்துவிடும். நானும் ஒத்துக்கொள்கிறேன், அழகான வண்டிதான். ஆனால் நம் ஜனங்கள் வாங்கவில்லை. ஃபியட் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜினை மட்டும் ஊரே தத்தெடுத்துக்கொண்டது. 2007-இல் ஸ்விஃப்ட்டுக்குள் போனது. அங்கே அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர். டாடாவிடம் போய்க் குவாட்ராஜெட் ஆனது. செவ்ரோலேகூட வாங்கிக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் 'தேசிய இன்ஜின்' என்றே எழுதினார்கள். 2020-இல் பிஎஸ்-6 விதி வந்து கதையை முடிக்கும்வரை, ஜப்பான் இன்ஜின் மாதிரி வருமா என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் இத்தாலிய இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பேக்கரி வழியாக ஒரு டீசல் ஸ்விஃப்ட் போனால் மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டு, அது திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பான். பெற்ற பிள்ளை பணக்கார வீட்டில் வளர்வதைத் தூரத்திலிருந்து பார்க்கிற தகப்பன் முகம்.

பேக்கரியில் என் வண்டியைத் திட்டாத ஒரே ஆளும் அவன்தான். அதற்குள் இருப்பதும் அதே இன்ஜின். "நீ சும்மா இரு, உள்ள எங்க ரத்தம் ஓடுது" என்று பானெட்டைத் தட்டிக்கொடுப்பான். என்னைத் தட்டிக்கொடுத்ததில்லை.

லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரும் வருவார். அதிகம் பேசமாட்டார். அழகா, இழுவையா என்ற சண்டை ஒருநாள் முற்றியபோது, "மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு 2000-னு ஒண்ணு வந்துச்சு, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

1985. இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்று ஒரு கார். ஃபெராரி டேடோனாவை மனதில் வைத்து வரைந்த உடம்பு, 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 1977-இன் ஐரோப்பிய கார் விருது. அந்த உடம்பைத்தான் நம் சென்னைக் கம்பெனி கொண்டுவந்தது. முன்பக்கத்தைப் பார்த்தால் சுறாமீன். ஆனால் பானெட்டுக்கு அடியில் இருந்தது ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து 1,991 சிசி இன்ஜின். அந்த வம்சத்து இன்ஜின் ஃபெர்குசன் டிராக்டரிலேயே உழுதிருக்கிறது.

"அவினாசி ரோட்டுல ஒண்ணு வந்துச்சு. சிக்னல்ல அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. பச்சை விழுந்துச்சு. நாங்க அத்தனை பேரும் கிளம்பிட்டோம். அது கிளம்பல." டீயை ஒரு மடக்கு குடித்தார். "கெட்டதுன்னு சொல்லலீங்க. கிளம்பிட்டுத்தான் இருந்துச்சு." பெட்ரோலை அது குடித்த அழகுக்கும் சேர்த்து, 1988-இல் கதை முடிந்தது. இன்றைக்குப் பழைய கார் பித்தர்கள் அதைத் தேடி அலைகிறார்கள் என்பது வேறு விஷயம். ஓட்டாமல் நிறுத்தி வைத்துப் பார்ப்பதென்றால் அதற்கு நிகர் இல்லை.

பாதுகாப்பு என்ற கட்சி இதற்கெல்லாம் பிறகு வந்தது. 2014-இல் குளோபல் என்கேப் நம் ஊர் கார்களை மோதிப் பார்த்து முட்டை மார்க் போட்டதிலிருந்து ஆளாளுக்கு ஸ்டார் எண்ணுகிறார்கள். "அஞ்சு ஸ்டார் இல்லாத வண்டியில ஏறமாட்டேன்" என்று என்னிடம் சூளுரைத்த நண்பரின் காரில் ஏறினேன். சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தாமலிருக்க, அந்த ஓட்டையில் வெறும் கொக்கி ஒன்றைச் சொருகி வைத்திருந்தார். அதற்கு மேல் அவரோடு விவாதிக்கவில்லை. நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

ஜங்ஷன் கதையைப் பேக்கரியில் சொன்னது என் தப்பு. சிரித்து முடித்ததும் அவசர ஆலோசனை நடந்தது. மேனேஜர் சார் வண்டியையே மாற்றச் சொன்னார். மாப்பிள்ளை, "இன்ஜினைத் தொடாதே, வேஷத்தை மாத்து" என்றான். மேற்கூரைக்கு மட்டும் கறுப்பு ஸ்டிக்கர், பின்னால் குட்டியாக ஒரு ஸ்பாய்லர். டாக்சியா என்று எவன் கேட்கிறான் பார்ப்போம் என்றார்கள். சனிக்கிழமை உக்கடத்தில் விட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. திரும்பி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெண்டாட்டி மட்டும், "தலைக்கு டை அடிச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

அடுத்த வாரம் மாமனாரை அழைத்துவர மறுபடி அதே ஜங்ஷன். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கெத்தாகவே சாய்ந்து நின்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒருவர் கறுப்புக் கூரையைப் பார்த்தார். ஸ்பாய்லரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து கேட்டார்:

"ஏனுங், நான் சாதா வண்டிதானே போட்டேன். ரேட் எதாச்சும் ஜாஸ்தியாகுங்களா?"