நான்காம் ஆணி: அட்வான்ஸ் வழக்கில் ஓர் அகழாய்வு

சென்னை வாடகை வீட்டுச் சுவரில் ஆணி நான்கு வகைப்படும்: காலண்டர் ஆணி, கடிகார ஆணி, சாமிப்பட ஆணி, யார் அடித்ததென்று தெரியாத ஆணி. முதல் மூன்றும் குடியிருந்தவர் கணக்கு. நான்காவதும் அவர் கணக்குதான் என்பது வீட்டுக்காரர் மரபின் துணிபு.

ஆய்வுக்குக் கிடைத்த ஏடு, மேற்கு மாம்பலத்து மாடிப் போர்ஷன் ஒன்றைக் காலிசெய்தவர் அட்வான்ஸ் கேட்டுப் போட்ட வழக்குக்கு வீட்டுக்காரர் தம் கைப்பட எழுதிய எதிருரை. குயர் நோட்டு, நீல மை. வாதி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மிக்ஸி ஓடிய வரலாறு ஒன்றரைப் பக்கம். பிடித்த பணத்துக்குக் கணக்கு ஒரே வரி: ‘பெயின்ட் வகையறா ரூ.18,000.’

வீட்டுக்காரரின் வக்கீல் மிக்ஸியை முழுசாக அடித்துவிட்டு, ‘வகையறா’வின் கீழ் இரண்டு கோடு போட்டார். “ரசீது எங்கே சார்?”

ரசீது இல்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளைப்படி, சம்மன் வந்த 30 நாளில் எதிருரை போட வேண்டும். கோர்ட் மனமிரங்கினால் 90 நாள் வரை போகும். பொத்தாம்பொதுவாக ‘எல்லாம் பொய்’ என்றால் செல்லாது. ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகிவிடும். மிக்ஸி இதில் எங்கும் வராது.

சட்டத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் இங்கே என்றுமே ஒத்துப்போனதில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. சென்னை பத்து மாதம் வாங்கியது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம் என்கிறது. காலிசெய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். எதைப் பிடிக்கலாம்? குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் தலையில் என்கிறது இரண்டாம் அட்டவணை. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் தலையில். ஒரு மாத வாடகையைப் ‘பெயின்ட் காசு’ என்று கழித்துக்கொள்ளும் நம் தொல்மரபை அட்டவணை எழுதியவர்கள் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

இனி அகழாய்வு. வீட்டுக்காரர் செல்போனில் எடுத்த பதினோரு படங்களும் காலிசெய்த பின் எடுத்தவை. குடிவந்த நாளில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. ஏழாவது படத்தில் நான்காம் ஆணி. வக்கீல் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஆணியின் தலையிலும் சுவரின் அதே இளநீலம். அதாவது பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஆணி இருந்திருக்கிறது; பெயின்டரும் அதைப் பிடுங்கச் சோம்பல்பட்டு மேலேயே அடித்துப் போயிருக்கிறார். அந்தப் பெயின்ட், வாதி குடிவருவதற்கு முந்தைய ஆடியில் அடித்தது. வீட்டுக்காரரே அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெருமையாக எழுதிவைத்திருந்தார்.

திருத்திய எதிருரையில் ஒரு ஜன்னல் கண்ணாடியும் இரண்டு குழாயும் மட்டுமே மிஞ்சின. ரசீதோடு.

களஆய்வுக்குப் போனபோது போர்ஷனில் புதுக் குடித்தனம். சுவர் இன்னும் அதே இளநீலம். நான்காம் ஆணியில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்கியது.