தண்ணி குடுங்க, மெடல் அப்புறம்

மாரத்தானின் தலபுராணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கி.மு. 490. மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை ஏதென்ஸ்காரர்கள் அடித்து விரட்டினார்கள். அந்தச் சேதியைச் சொல்ல பைடிப்பிடிஸ் என்பவர் ஏதென்ஸ் வரை ஒரே மூச்சில் ஓடிவந்து, "ஜெயிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அங்கேயே உயிரை விட்டார். ஓடிய முதல் ஆள் செத்துப்போனார் என்பதையே விளம்பரமாக வைத்து ஆள் சேர்க்கிற விளையாட்டு உலகத்தில் இது ஒன்றுதான். அதற்கும் நாம் கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு போகிறோம்.

ஆனால் அந்தக் காலத்துக்குக் கிட்டத்தில் இருந்து எழுதிய ஹெரோடோட்டஸ் இந்தச் சாவைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர் சொல்வது வேறு கதை. போருக்கு முன்னால் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஆள் அனுப்பினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். கிளம்பிய மறுநாளே பைடிப்பிடிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்பார்ட்டாக்காரர்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வர ஆசைதான், ஆனால் பௌர்ணமி ஆகாமல் படை கிளப்புவது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மயிலாப்பூரில் வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ராகு காலம் முடியட்டும் என்று ஆம்புலன்ஸையே வாசலில் நிறுத்தி வைத்த வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் நான் பிறந்தேன். ஓடிவந்து சாகிற அந்தக் காட்சி சுமார் அறுநூறு வருஷம் கழித்து புளூடார்க்கும் லூசியனும் எழுதியது. பின்னால் வந்தவர்களுக்கு கிளைமாக்ஸ் போதவில்லை.

என் மகன் அவன் நண்பர்களிடம் "எங்கப்பா மாரத்தான் ரன்னர்" என்று சொல்லும்போது எனக்குள் இருக்கும் ஹெரோடோட்டஸ் நெளிகிறார். நான் ஓட ஆரம்பித்தது 29சி பஸ்ஸுக்காக. நான் லஸ் கார்னரை எட்டும்போதுதான் அது கிளம்பும். கையில் டிபன் பாக்ஸ், தோளில் ஜோல்னா பை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. அந்த ஷூவை ஞாயிற்றுக்கிழமை துவைத்து, ஈரம் காய்வதற்குள் சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். திங்கட்கிழமை ஓடினால் ஒவ்வோர் அடிக்கும் கணுக்காலிலிருந்து ஒரு சின்ன வெண்புகை கிளம்பும். படிக்கட்டில் தொங்குகிறவர்கள் "விடாதே, விடாதே" என்று கத்துவார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் ரசிகர்கள் அவர்கள்தான். பஸ் இல்லாமலும் ஓடலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது தி. நகரில் விடியற்காலை ஓடுகிறவர்கள் மூன்றே வகை: போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவன், திருடன், திருடனைத் துரத்துகிறவன். பனகல் பார்க் பக்கம் ஒரு பீட் கான்ஸ்டபிள் லத்தியை நீட்டி நிறுத்தினார்.

"எங்கேருந்துப்பா ஓடி வர்றே?"

"வீட்லேருந்து சார்."

"ஏன், வீட்ல என்ன பிரச்சினை?"

உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, போய்ப் படு" என்றார். எனக்குக் கிடைத்த மருத்துவ ஆலோசனைகளிலேயே செலவில்லாததும் சரியானதும் அதுதான் என்று என் முட்டி இன்றைக்கும் சொல்கிறது.

மாட வீதிகளில் வேறு சிக்கல். அஞ்சு மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் ஆரம்பமாகிவிடும். மார்கழியில் கோலம் பாதி ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கோலத்தைத் தாண்டினால் அடுத்த கோலம். ஒரு மாமி மட்டும், இழைக்கோலத்தின் ஓரத்தில் என் குதிகால் பட்டதற்காக, மார்கழி முடியும்வரை என்னைப் பார்த்ததும் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பார். தடை தாண்டும் ஓட்டத்துக்கு மயிலாப்பூரிலிருந்து இன்னும் ஏன் யாரும் ஒலிம்பிக் போகவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஒலிம்பிக் என்றதும் எனக்குப் பிடித்தது 1904 செயின்ட் லூயிஸ் மாரத்தான். ஆகஸ்ட் 30. மத்தியானம் மூன்று மணிக்கு, சுமார் 32 டிகிரி வெயிலில் ஆரம்பித்தார்கள். மண் ரோடு. கூடவே போன குதிரைகளும் மோட்டார் கார்களும் கிளப்பிய புழுதி. வழியில் தண்ணீர் கிடைத்த இடம் ஒன்றோ இரண்டோதான். அதுவும் ஏற்பாட்டுக் கோளாறு இல்லை. தண்ணீர் குடிக்காமல் ஓடினால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆசை. கிளம்பியது 32 பேர், முடித்தது 14 பேர். மே மாதத்தில் ரங்கநாதன் தெருவுக்குக் குடும்பத்தோடு துணி எடுக்கப் போனது மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

அதில் ஃபெலிக்ஸ் கார்வஹால் என்று ஒரு கியூபா தபால்காரர். ஊர் ஊராகப் பணம் வசூலித்துக் கப்பலேறி வந்தவர், நியூ ஆர்லியன்ஸில் இறங்கியதும் அதைச் சூதாட்டத்தில் விட்டார். முழுக்கால் சட்டையோடு வந்து நின்றவருக்கு யாரோ இரக்கப்பட்டு முழங்காலோடு கத்தரித்து விட்டார்கள். வழியில் பசித்தது, ஒரு தோப்பில் புகுந்து ஆப்பிள் தின்றார், அது கெட்டுப்போன ஆப்பிள், வயிற்றைப் பிடித்துக்கொண்டது, ஓரமாகப் படுத்து ஒரு தூக்கம் போட்டார், எழுந்து ஓடினார். நான்காவதாக வந்தார்! படுக்காமல் ஓடிய நான் ஒரு நாளும் முதல் நானூறில் வந்ததில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லென் டௌன்யானே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். நாய் துரத்தியதில் பாதையை விட்டு ஒரு மைல் விலகிப் போய்விட்டார். ஒன்பதாவது இடம். அவர் படம் கிடைத்தால் பூஜை அறையில் மாட்டத் தயாராக இருக்கிறேன். அடையாறு காந்தி நகருக்கு வீடு மாறிய புதிதில், என் பயிற்சித் தூரத்தைத் தீர்மானித்தது நான் அல்ல. ஒவ்வொரு குறுக்குத் தெருவுக்கும் ஒரு நாய்க் கட்சி. எல்லைவரை துரத்தி, அடுத்த கட்சியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும். குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்தால் போதும் என்பார்கள். முப்பது கிலோமீட்டர் ஓடியவன் குனிந்தால் நிமிர முடியாது என்பது நாய்களுக்கும் தெரியும். கடைசியில் டீக்கடைப் பொறைதான் காப்பாற்றியது. அரை நிக்கர் பாக்கெட்டில் நாலு பொறை. ஒரு மாதத்தில் நாய்கள் எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தன. நான் மெதுவாக ஓடினால் பின்னாலிருந்து ஒரு குரைப்பு வரும். இன்று இதற்குக் காசு கொடுத்து 'பேஸர்' அமர்த்துகிறார்கள்.

செயின்ட் லூயிஸில் முதலில் மைதானத்துக்குள் நுழைந்தவர் ஃபிரெட் லோர்ஸ். ஒன்பதாவது மைலில் தசைப்பிடிப்பு என்று காரில் ஏறி, மற்ற ஓட்டக்காரர்களுக்குக் கையாட்டியபடி பதினோரு மைல் வந்தார். கார் ரிப்பேர். இறங்கி மிச்சத்தை ஓடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது, அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் அவரோடு போட்டோவுக்கும் நின்றாகிவிட்டது. அப்புறம்தான் குட்டு உடைந்தது. தகுதி நீக்கம்.

மயிலே சிவனைப் பூசித்த ஊர்க்காரன் நான். லோர்ஸைத் திட்ட எனக்கு வாய் வராது. மாம்பழப் போட்டியில் மயில்மேல் ஏறிப் போனவர் முருகன், அதாவது வாகனம். அப்பா அம்மாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டவர் பிள்ளையார், அதாவது குறுக்கு வழி. விதிப்புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பேருக்கும் பழம் கிடையாது. இப்போது சென்னை மாரத்தானில் வழியெல்லாம் மிதித்தால் 'பீப்' என்கிற பாய் விரித்து வைத்திருப்பது பிள்ளையார் பக்தர்களுக்காகத்தான். லோர்ஸ், நியாயமாகச் சொன்னால், மறு வருஷமே பாஸ்டன் மாரத்தானில் நிஜமாகவே ஓடி ஜெயித்தார்.

1904இல் தங்கம் வாங்கிய தாமஸ் ஹிக்ஸின் கதை இன்னும் மோசம். அவருடைய ஆட்கள் வழியில் கொடுத்தது ஸ்ட்ரிக்னைன். நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷம். முட்டை வெள்ளைக்கருவில் கலந்து, மேலே பிராந்தி. கடைசிப் பகுதியில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கால்கள் மட்டும் ஓடுகிற பாவனையில் அசைந்தன. இதற்கு மெடல் கொடுத்தார்கள். 1908இல் லண்டனில் இத்தாலியின் டொராண்டோ பியேத்ரி மைதானத்துக்குள் விழுந்து விழுந்து எழுந்தபோது கைகொடுத்து எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அவருக்கு மட்டும் தகுதி நீக்கம். அழுத பிள்ளைக்கு ராணி அலெக்சாண்ட்ரா தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்.

அதே லண்டன்தான் நம் எல்லார் தலையிலும் 42.195 கிலோமீட்டரைக் கட்டியது. விண்ட்சர் கோட்டையில் ஆரம்பித்து, அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு எதிரில் முடிய வேண்டும். அளந்தால் 26 மைல் 385 கஜம் வந்தது. 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும், கடைசி 385 கஜத்தில் நான் தமிழில் திட்டுவது அந்தக் குடும்பத்தைத்தான்.

என்னுடைய குலதெய்வம் ஜப்பானின் ஷிசோ கனகுரி. 1912, ஸ்டாக்ஹோம், கொளுத்தும் வெயில். பாதி வழியில் ஒரு தோட்டத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். பழரசம் கொடுத்தார்கள். குடித்தார். அப்புறம் போட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். 'காணவில்லை' பட்டியலில் இருந்தவரை 1967இல் கூப்பிட்டு மிச்சத்தை முடிக்க வைத்தார்கள். மொத்த நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், சொச்சம். நடுவில் கல்யாணம் ஆகி, ஆறு குழந்தைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டதாக அவரே சொன்னாராம்.

எனக்கும் சாந்தோம் ஹை ரோட்டில் ஓர் அத்தை உண்டு. ஒரு பந்தயத்தன்று வாசலில் நின்று பார்த்தவர், "என்னடா இப்படிக் கறுத்துப் போயிட்டே, உள்ளே வா, ஒரு வாய் காபி குடிச்சிட்டு ஓடு" என்றார். பெரியவர்கள் வார்த்தையைத் தட்டக்கூடாது. பழைய டிகாக்‌ஷன் வேண்டாம், புதுசா இறக்கறேன் என்றார். பித்தளை ஃபில்டரின் தலையில் தட்டித் தட்டிப் பார்த்தோம், இறங்குவேனா என்றது. வாசலில் என்னோடு ஓடியவர்கள் போனார்கள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் போனார்கள், கடைசியில் ஆம்புலன்ஸும் போனது. என் வாழ்க்கையின் மோசமான டைமிங்குக்குக் காரணம் முட்டி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2006இல் 'சென்னை ரன்னர்ஸ்' ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு ஊரே மாறிவிட்டது. மேயராக இருந்து பிறகு அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேல் அரை மாரத்தான்கள் ஓடி முடித்தார். அரை நிக்கரோடு போகிறவனைக் கான்ஸ்டபிள்கள் "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெசன்ட் நகரில் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. ஓடுவதற்குக் காரில் வருகிறார்கள். இருபதாயிரம் ரூபாய் ஷூவில் கார்பன் தகடு இருக்கிறது. பக்சரில் பிறந்த ராணுவ வீரர் சிவ்நாத் சிங் பல ஓட்டங்களை வெறுங்காலில் ஓடியவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பதினோராவது. 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷம். அந்த இந்தியச் சாதனை பல பத்தாண்டுகள் அசையவே இல்லை. அவரை நினைத்தால் மட்டும் எனக்குக் கிண்டல் வரமாட்டேன் என்கிறது.

நம்மிடம் திரும்புவோம். சென்னையில் முழு மாரத்தானை விடியற்காலை நாலு மணிக்கே கிளப்பிவிடுகிறார்கள். வெயிலிலிருந்து தப்பிக்கலாம், புழுக்கத்திலிருந்து முடியாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மெரினா காற்றில் ஏற்கனவே ஈரம் ஹவுஸ்ஃபுல், உங்கள் வியர்வைக்கு அங்கே இடமில்லை. அது ஷூவுக்குள் இறங்கி, பதினைந்தாவது கிலோமீட்டரிலிருந்து சளக் சளக் என்று தாளம் போடும். நேப்பியர் பாலம் தாண்டினால் உழைப்பாளர் சிலை, நாலு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருப்பார்கள். போகும்போது அது சிற்பம், திரும்பி வரும்போது ஆறுதல். கொஞ்சம் தள்ளிக் காந்தி, கைத்தடியோடு நடக்கிற கோலம். இரண்டையும் செய்தவர் ராய் சௌத்ரி. 1959இலிருந்து காந்தி அதே அடியில் நிற்கிறார். நாற்பதாவது கிலோமீட்டரில் அவருக்கும் எனக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் 60 வயதில் தண்டிக்கு 24 நாள் நடந்தவர் அவர்.

முதல் முறை முழுத் தூரமும் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து அலறினாள். வெள்ளை டி-ஷர்ட்டில் மார்பிலிருந்து தொப்புள் வரை இரண்டு சிவப்புக் கோடு. ஈரத்துணி நாலு மணி நேரத்துக்கு மேல் உரசினால் காம்புகள் புண்ணாகி ரத்தம் வரும், அவ்வளவுதான். இதை விளக்குவதற்குள் எதிர் ஃபிளாட் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு வந்துவிட்டார். இதயத்தில் கோளாறில்லை, மூளையைப் பற்றி ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காது என்றார். அன்றிலிருந்து பந்தயத்துக்கு முன்னால் வாசலின். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில்தான் என் பயிற்சி, அதாவது நடை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை ஆசிரியர், அதற்கெல்லாம் மேலே 1893இல் அமிர்தாஞ்சனைக் கொண்டுவந்தவர். முட்டிவலிக்காரர்கள் சுற்றிவரும் பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. அங்கே எங்கள் கோஷ்டியில் ஆளுக்கொரு பழைய டைமிங் உண்டு, வருஷா வருஷம் அது குறைந்துகொண்டே வருகிறது. என்னுடையது போன பொங்கலோடு நாலு மணி நேரத்துக்குக் கீழே வந்துவிட்டது. யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் டைமிங்கைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து கிலோமீட்டர் இன்னும் எப்படியோ ஓடிவிடுகிறேன், ராயர் மெஸ் அந்தப் பக்கம் இருப்பதால். கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. எழுபது கிலோ ஆளுக்கு 700. இதை ஒரு தடவை பெருமையாகச் சொன்னதிலிருந்து மனைவியும் கூடவே வந்து எதிரில் உட்காருகிறாள். பொங்கல், வடை, இன்னொரு வடை, கெட்டிச் சட்னி, காபி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், "இப்பவே கடன்ல இருக்கீங்க. வீட்டுக்கு ஆட்டோ கிடையாது, ஓடியே வாங்க" என்றாள்.

"சார், இன்னொரு வடை?" என்றார் சப்ளையர்.

"ரெண்டா வைங்க" என்றேன்.