ஷேடு கார்டில் இல்லாத நிறங்கள்

சாயப்பட்டறைகள் உள்ள அருள்புரத்துக்கு வந்து நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். சாயம் போட்ட மாதிரித் துணியான லேப் டிப்பை லைட் பாக்ஸுக்குள் காட்டியதும், "செவப்பு ஒரு பொட்டு தூக்கலா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுகிற ஊர். அப்பேர்ப்பட்ட கண்ணும் பையர் அனுப்பும் இங்கிலீஷ் மெயிலைப் பார்த்தால் மிரளும்.

'இன் தி ரெட்' என்றால் நஷ்டம். கணக்கேட்டில் பற்றாக்குறையைச் சிவப்பு மையில் எழுதிய காலத்து வழக்கம். 'இன் தி பிளாக்' என்றால் லாபமாம். நம்மூரில் கறுப்பு என்பது கணக்கேட்டுக்குள்ளேயே வராத சமாச்சாரம். 'ப்ளூ மூன்' என்பது ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமி, ஏறக்குறைய இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை. சில பேமெண்ட்டுகளுக்கும் அதே பஞ்சாங்கம்தான். 'ரெட் டேப்'புக்கு மட்டும் கோனார் நோட்ஸ் தேவைப்படவில்லை. ரீஃபண்டுக்கு அலைந்தவர்கள் அந்தச் சிவப்பு நாடாவை நீள அகலத்தோடு அறிவார்கள்.

பச்சைதான் பெரும்பாடு. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது. சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கே எடுக்க வேண்டும். அத்தனைக்கும் கரண்ட் செலவு, விறகுச் செலவு. பையர் 'கிரீன்' சான்றிதழை வரி விடாமல் படிக்கிறார். அந்தச் செலவில் பீஸுக்கு ஐம்பது பைசா ஏற்றிக் கேட்டால், அது 'கிரே ஏரியா' என்கிறார்.