மில் முதலாளி வியாதி

எழுபதுகளில் எங்கள் ஊரில் மாரடைப்பு வருவதற்குச் சில தகுதிகள் வேண்டியிருந்தன. வாசலில் கார் நிற்க வேண்டும். கார் இல்லையென்றால் ஒரு ரைஸ் மில்லாவது இருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் காலரா, காசநோய், பாம்புக்கடி, பிரசவம் என்று ஏற்கெனவே ஒதுக்கீடு ஆகியிருந்தது. மில் முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று டீக்கடை பெஞ்சில் துக்கத்தைவிட மரியாதைதான் தூக்கலாகத் தெரிந்தது. "ஹார்ட் அட்டாக்காம்ப்பா! தஞ்சாவூர் டாக்டரே சொல்லிட்டாராம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அதே மாதம், அதே மில்லில் மூட்டை தூக்கிய ஒருவரும் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு வந்தது "வாயு". ஈ.சி.ஜி. எடுக்க வசதியில்லாதவருக்கு அட்டாக் வராது என்பது அன்றைய மருத்துவம்.

ரத்தக் கொதிப்பும் அப்படித்தான். கடைத்தெரு டாக்டரிடம் ஒரு பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கி நிறுத்தினால் உள்ளே கண்ணாடிக் குழாய், பக்கத்தில் 300 வரை கோடுகள். கையில் பட்டையைச் சுற்றி ரப்பர் உருண்டையை அவர் அமுக்க அமுக்கப் பாதரசம் விறுவிறுவென ஏறும். திருகைத் தளர்த்தினால் மெல்ல இறங்கும். தாத்தாவுக்கு அது 165இல் தட்டியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். "உங்களுக்கு என்ன வயசு? அறுபத்தஞ்சு. அதோட நூறைக் கூட்டுங்க. கணக்கு கரெக்டா இருக்கு." தாத்தா நூற்றுக்கு நூறு வாங்கிய பையன்போல வெளியே வந்தார். அவரை வழியனுப்பிவிட்டு டாக்டர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

எங்கள் டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வயது ஏற ஏற ரத்தக் குழாய் தடிக்கும், அதனுள் ரத்தத்தைத் தள்ள இதயத்துக்கு அந்த அழுத்தம் தேவை, அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தபோது அளவு 186/108. டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கொதிப்பை இறக்க உருப்படியான மாத்திரை எதுவும் அன்று கிடையாது. ஜனாதிபதியின் சொந்த மருத்துவர் காது மூக்கு தொண்டை நிபுணர். அவர் பத்திரிகைகளுக்கு எல்லாம் சுகம் என்றே சொல்லிவந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று தலை பிளக்கிறது என்று சொல்லி ரூஸ்வெல்ட் சாய்ந்தபோது அழுத்தம் 300/190. எங்கள் டாக்டரின் பெட்டியில் அதற்கு மேல் கோடே இல்லை.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் அமெரிக்கா விழித்தது. 1948இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைத் திரட்டி, யாருக்கு மாரடைப்பு வருகிறது, ஏன் வருகிறது என்று வருஷக்கணக்கில் பின்தொடர ஆரம்பித்தார்கள். கொதிப்பு, கொலஸ்ட்ரால், புகை என்று எதிரிகளின் பட்டியல் தெளிவாயிற்று. நம் ஊரிலும் சும்மா இருக்கவில்லை. நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேர் கொதிப்பைத் தணிக்கிறது என்று பம்பாயிலிருந்து ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். உலகமே அந்த வேரைத் தேடியது. எங்கள் கடைத்தெரு டாக்டர் மட்டும் வயதோடு நூறைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு வருவோம். எண்ணெய் வாங்கும் குப்பியின் கழுத்தில் கயிறு கட்டியிருக்கும். ஒரு குப்பி வாரம் முழுக்க வர வேண்டும். அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றிப் பார்த்ததில்லை. கத்திரிக்காய்க் காம்பை எண்ணெயில் தொட்டு ஒரு இழுப்பு இழுப்பாள். காலையில் கேழ்வரகுக் கூழ். பள்ளிக்கூடத்துக்கு நடை, சந்தைக்கு நடை, கடன் கேட்கவும் நடை. இதற்கெல்லாம் அன்று பெயர் தரித்திரம். இன்று டயட்டீஷியன் ஃபீஸ் வாங்கிக்கொண்டு இதையே எழுதிக் கொடுக்கிறார். கேழ்வரகு, அரிசியைவிட உயர்ந்த விலையில், வழவழப்பான பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. நடப்பதற்கு 2023இல் அரசே 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் பாதை வகுத்துக் கொடுத்தது. அந்த மாதிரி இடங்களுக்கு ஜனங்கள் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். நடந்து முடித்ததும் எதிர்க்கடையில் சுடச்சுட மெதுவடை.

இதற்காக அந்தக் காலத்தை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் முடியாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று உப்பில் நாங்கள் ஒருநாளும் சிக்கனம் பார்த்ததில்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு அனுமதிக்கும் 5 கிராமைத் தாத்தா கஞ்சிக்கே செலவழித்துவிடுவார். பீடி வேறு. வசதி வந்ததும் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது பச்சைப் பனைமரம் போட்ட டால்டா டப்பாதான்.

நாங்கள் டால்டாவைப் பிடித்த அதே காலத்தில் பின்லாந்தின் வடக்குக் கரேலியா மக்கள் வெண்ணெயை விட்டார்கள். அங்கே மில் முதலாளி யாரும் இல்லை. காட்டில் மரம் வெட்டுகிறவர்கள், நாலைந்து மாடு வைத்திருக்கிறவர்கள். ஆண்கள் நடுவயதிலேயே வரிசையாக மாரடைப்பில் போனார்கள். 1971இல் மக்களே அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் முப்பது வயதுகூட ஆகாத பெக்கா புஸ்கா என்ற மருத்துவர் வேலையைத் தொடங்கினார். மார்த்தா என்ற பெண்கள் சங்கம் ஊர் ஊராகப் போய் வெண்ணெயும் உப்பும் குறைத்துச் சமைத்துக் காட்டியது. பால் பண்ணை வைத்திருந்த சிலர் பெர்ரிப் பழம் பயிரிட்டார்கள். நாற்பது வருஷத்தில் உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்புச் சாவு விகிதம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

பணக்கார நாடுகள் இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டதை நாம் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டோம். 2022இல் இதய, ரத்தக் குழாய் நோய்களால் உலகில் இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 98 லட்சம் பேர். வேறெந்த நோயும் இவ்வளவு பேரைக் கொண்டுபோவதில்லை. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான். நிலச் சீர்திருத்தம் எங்கள் ஊருக்கு அரைகுறையாகத்தான் வந்தது. மாரடைப்பில் மட்டும் முழுச் சமத்துவம் கிடைத்துவிட்டது. இன்று ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும் வருகிறது, அதுவும் நாற்பது வயதிலேயே. மில் முதலாளியின் பேரனோ வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டு திடமாக இருக்கிறான்.

வைத்தியமும் இறங்கி வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெஞ்சு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்பு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வெள்ளை மாளிகைக்குக் கிடைக்காத மாத்திரை எங்கள் தெருவில் பெரியம்மா வீட்டுத் திண்ணைக்கு மாதாமாதம் வருகிறது.

வந்து என்ன? உலகில் கொதிப்பு உள்ள 140 கோடிப் பேரில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறதாம். மீதி நாலு பேர் யார் என்று நான் வெளியே தேடிப் போகவில்லை. போன மாதம் மாத்திரை கொண்டுவந்த பெண், பெரியம்மாவின் பழைய அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் பிரிக்காமல் இருந்தது.

"என்ன பெரியம்மா, போடவே இல்லையா?"

"நல்லாத்தானேடி இருக்கேன்! எதுக்கு வீணா? தலை சுத்தினா போட்டுக்கலாம்னு பத்திரமா வெச்சிருக்கேன்."

"தலை சுத்துற அன்னிக்கு மாத்திரையோட நான் வர மாட்டேன். 108தான் வரும்."

பெரியம்மா புது அட்டையை வாங்கிப் பழையதன் மேல் அடுக்கினார்.

"வரட்டுமே. அதுவும் இலவசந்தானே?"