வீட்டுக்குள்ளே ஒரு கோடை வகுப்பு

மே மாத வெயிலில் பிள்ளைகளைத் தெருவில் விட்ட காட்டுமிராண்டிக் காலம் ஒழிந்தது. இப்போது விடுமுறைக்கும் கால அட்டவணை ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. காலை 7 மணிக்குக் களிமண் பொம்மை. 9 மணிக்கு எரிமலை: சமையல் சோடாவில் வினிகர் விட்டால் நுரை பொங்கும், கூடவே அம்மாவும்.

மொட்டை மாடியில் பாட்டி வடாம் பிழிகிறாள். காக்கா விரட்டிக்கொண்டு கூழை நக்குவதெல்லாம் கல்வியாகுமா? பயிற்றுநர், கட்டணம், கடைசி நாளில் சான்றிதழ் வேண்டாமா? பல்லாங்குழியும் அப்படித்தான். புளியங்கொட்டை சும்மா கிடைத்தவரை யாரும் மதிக்கவில்லை. 14 குழியும் அட்டைப்பெட்டிக்குள் போய் விலை ஒட்டிய பிறகே பிள்ளைகளுக்கு மூளை வளரத் தொடங்கியது.

பையன் 'போரடிக்குது' என்றால் பதற வேண்டாம். அதற்கும் மாலையில் அரை மணி ஒதுக்கி, படமெடுத்து ஸ்டேட்டஸில் போடலாம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் டீச்சர் கேட்டார்: "லீவுல என்னடா கத்துக்கிட்ட?"

"எரிமலை அப்பா செஞ்சாரு மிஸ். அம்மா துடைச்சாங்க. நான் போட்டோவுக்கு நின்னேன்."

பெற்றோரே, அடுத்த கோடை வகுப்புக்கு இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். இடமிருந்தால் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.