திரௌபதி வேஷக்காரன் சொல்றேன், கேளுங்க

வாங்க மாப்ளே, திண்ணையில உக்காருங்க. அடியே, நீயும் உக்காரு. ராத்திரி ஒம்பது மணிக்குப் புருஷனும் பொண்டாட்டியும் மூஞ்சியத் தூக்கிக்கினு வந்து நிக்கறீங்கன்னா யோசனை கேக்க வந்திருக்கீங்க. பணம் கேக்கறதா இருந்தா சிரிச்ச மொகமா வந்திருப்பீங்க.

விஷயம் இதுதானே? உன் புள்ளைக்கு எட்டு வயசு. லீவுக்கு அவன் அப்பன் வீட்டுக்குப் போய்ட்டு வந்து, "ஆம்பள அழக்கூடாது, அடுப்பாங்கரைக்குள்ள போகக்கூடாது"ன்னு சட்டம் பேசறான். மாப்ளயோட பொண்ணுக்குப் பதினொண்ணு. போன மாசம் வரைக்கும் அவன்கூட சேந்து சப்பாத்தி தேச்சவ, நேத்து அந்தக் கட்டையாலயே அவன ஒண்ணு போட்டிருக்கா. சம்பந்தியம்மா, "பொட்டப்புள்ளைக்கு இவ்ளோ கை நீளம் ஆகாது"ன்னு தீர்ப்பு சொல்ல, நீ பெண் விடுதலைன்னு அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணியாம். ஒரு வீட்டுக்குள்ள மூணு கட்சி. ஓட்டுப் போட எட்டு வயசுப் பய!

அதவிட, "உங்கப்பன் அப்படித்தான் பட்டிக்காட்டுத்தனமா பேசுவான்"னு பையன்கிட்டயே சொன்னியாமே. அடி புத்திசாலி! அவன் கேட்டது ஆம்பள அழலாமான்னு. நீ தீத்தது பழைய கணக்கு. இனிமே அங்க நடக்கறத இங்க சொல்லமாட்டான், இங்க நடக்கறத அங்க சொல்லமாட்டான். இந்த வயசுலயே வக்கீலாக்கிட்ட. "உங்கப்பாவுக்கு அப்படித் தோணுது, எனக்குத் தோணல. நீ வலிச்சா அழு"ன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்? நான் ஒரு வெத்தல மடிக்கற நேரம்.

மாப்ளே, சிரிக்காதீங்க. உங்கம்மாகிட்ட நீங்கதான் பேசணும், இவள ஏவிவிட்டுட்டு செல்போன நோண்டக்கூடாது. அவங்கவங்க வூட்டு மாட்ட அவங்கவங்கதான் புடிச்சுக் கட்டணும். சம்பந்தியம்மாவுக்கு கே.பி. சுந்தராம்பாள் பாட்டுன்னா உசுராச்சே? அந்தம்மா 1935ல நந்தனார் படத்துல ஆம்பளையாவே நடிச்சாங்க, அதுக்கு லட்ச ரூபா சம்பளம் வாங்கினாங்கன்னு பேச்சுவாக்குல சொல்லிப் பாருங்க. ஒரு நாளைக்காவது வாய் மூடும்.

என் கதை தெரியும்ல? பதினேழு வருசம் கூத்துல திரௌபதி வேஷம் கட்டினவன். மீசைய வழிச்சு, சவுரி வெச்சு, துகிலுரியற எடத்துல நான் அழுதா முன்னால குந்தியிருக்கற முரட்டு ஆளுங்கல்லாம் துண்டால மூக்கச் சிந்துவாங்க. விடிஞ்சா கண்ணுல மை கலையாம ஏரோட்டப் போவேன். எவனும் என்னை ஆம்பளையான்னு கேட்டதில்ல. உங்க பாட்டி கேட்டது ஒண்ணுதான்: "என் பட்டுப்பொடவையில அரிதாரத்த அப்பிட்டு வந்தியே, யாரு தொவைக்கறது?" நான்தான் தொவைச்சேன்.

அதுக்காக நான் பெரிய நியாயஸ்தன்னு நெனச்சுக்காதீங்க. பொண்ணுங்களுக்கும் பூர்வீகத்துல பங்குன்னு 1989ல இங்க சட்டம் வந்தப்போ, அதுக்கு முந்தியே கல்யாணம் ஆனவளுக்கு இல்லன்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரியப் புடிச்சுக்கினு என் தங்கச்சிக்கு ஒரு காணிகூட குடுக்காம இருந்தவன் நான். மேடையில பாஞ்சாலி, வீட்டுல துரியோதனன்.

போன சித்திரையில உளுந்தூர்பேட்டை பஸ்ல கூவாகத்துக்குப் போற திருநங்கைங்க ஏறினப்போ என்னா நடந்துச்சு? பையன், "அவங்க அக்காவா, அண்ணனா?"ன்னு பஸ்ஸே திரும்பிப் பாக்கற மாதிரி கேட்டான். நீங்க ஜன்னல் பக்கம் அவன் தலையத் திருப்பி மாடு காட்டுனீங்க. இவ திருநங்கைங்களப் பத்தின 2014 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புலேருந்து ஆரம்பிச்சா. முன்சீட்டுல இருந்த அந்தப் பொண்ணே திரும்பி, "அக்காதான்டா தங்கம்"னு அவன் கன்னத்தத் தட்டுச்சு. பையன் அடுத்துக் கேட்டது என்னா? "அக்கா, முறுக்கு வேணுமா?"

அன்னிக்கு ராத்திரி ரெண்டு புள்ளைங்களுக்கும் அந்தக் கூவாகத்துச் சாமி அரவானோட கதை சொன்னேன். களப்பலிக்கு முந்தி கல்யாணம் வேணும்னு அவன் கேட்டது, சாகப்போறவனுக்கு எவனும் பொண்ணு குடுக்காதது, கிருஷ்ணரே மோகினியா வந்து தாலி கட்டிக்கினது எல்லாம். மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வெச்சாருன்னதும் சின்னவன் எழுந்து உக்காந்துட்டான். "சாமியேவா அழுதாரு?" ஆமாண்டான்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்பால தூங்கிட்டான்.

எந்த வீட்டுல எந்தக் கருத்தாவது இருந்துட்டுப் போவட்டும். ஒரு ஆளப் பாத்துக் கேலியாச் சிரிக்கறது மட்டும் இந்த வீட்டுல கெடயாதுன்னு சொல்லிவைங்க. சம்பந்தியம்மாவுக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

சரி, மெதுவாப் பேசுங்க. கதவு இடுக்குல நாலு கண்ணு தெரியுது. நீங்க உக்காந்ததுலேருந்து ரெண்டும் அங்கதான் நிக்குதுங்க.